பதினோரு லோரி மண்

“அமாங்னுதான் சொன்னேன்.”

“ஆமாங்கன்னு சொல்லியிருக்கீங்க.”

“நான் சொன்னது எனக்குத் தெரியாதா? அமாங்… அமாங்னு, வாயத் தொறந்து…”

“வாயத் தொறந்து சொன்னா அந்தத் தம்பி எதுக்கு அப்படி எழுதிக்கிட்டுப் போகுது? கடுதாசி வந்து கெடக்குதுல்ல…”

“காத்துடி. அன்னிக்கு அடிச்ச காத்துல…”

“போடுங்க, காத்து மேல போடுங்க. அதுதான் வந்து பதில் சொல்லாது!”

“நீ சொல்ல விட்டாத்தானே நான் சொல்லுவேன்!”

“நாலு மாசமா சொல்ல விட்டுட்டுத்தானே இருந்தேன்?”

வேலிக்கு அந்தப் பக்கம் குணாளன் மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டுக்காரன். விடியற்காலை படகு வந்ததும் முதல் மீன் இந்த வீட்டுக்குத்தான்.

“அலமாக்! அண்ணே, நீங்க போடுற சத்தத்துல மீனெல்லாம் தியோமான் தீவுப் பக்கம் ஓடிரும்போல. கெம்போங் மீன் இருக்கு, வேணுமா? இல்ல, சண்டை முடிஞ்சதும் வரட்டா?”

“நீயே சொல்லு குணா,” என்றாள் அங்கம்மா. “அமாங்னா என்ன, ஆமாங்கன்னா என்ன?”

“ஒண்ணு மண்ணு, ஒண்ணு மரியாதை.”

“ரெண்டும் ஒண்ணா?”

“எனக்கு என்னக்கா தெரியும். வீட்ல பிரேமலா என்ன சொன்னாலும் நான் தலையத்தான் ஆட்டுறது. வாயத் தொறந்து நாளாச்சு.”

வேறொரு நாளாக இருந்தால் அங்கம்மா சிரித்திருப்பாள். மீனை வாங்கித் தட்டில் போட்டு, தட்டை மூடிவிட்டு, மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் பை தைத்துக்கொண்டிருந்தாள். ஒத்தடப் பை. உள்ளே மணலை நிரப்பி, சட்டியில் போட்டுச் சூடேற்றி, பிள்ளை பெற்றவளுடைய இடுப்பிலும் அடிவயிற்றிலும் வைப்பதற்கு.

மகள் லோஷினிக்கு ஏழாவது மாதம். கூலாயில் இருக்கிறாள். அவளும் மருமகன் கவினும் சேனாய்ப் பக்கம் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். இன்னும் ஒன்பது நாளில் இந்த வாசலில் வளைகாப்பு. அதோடு மகள் இங்கேயே தங்கிவிட வேண்டும், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அங்கம்மா ஆறு மாதமாகப் போனில் போராடி மருமகனைச் சம்மதிக்க வைத்திருந்தாள். தூளி கட்டுவதற்கு விட்டத்தில் ஸ்பிரிங் மாட்டியாகிவிட்டது. மருந்துச் சாமான்கள் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் தயாரான பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. இந்தக் கரையில் கனிம மணல் எடுப்பதற்குக் குத்தகை கேட்டிருக்கிறார்கள், வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருந்த குடியிருப்பு அனுமதி இனிமேல் கிடையாது, மூன்று மாதத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். மலாயில் எழுதியிருந்ததைக் குணாளன்தான் இரண்டு முறை படித்துச் சொன்னான்.

தெலுக் கெர்சிக் என்று அந்த இடத்துக்குப் பெயர். மெர்சிங் சாலையிலிருந்து செம்பனைகளுக்கு நடுவே பிரிகிற செம்மண் பாதையில் வந்தால், பனைகள் முடிகிற இடத்தில் சட்டென்று கடல் தெரியும். நான்கு வீடுகள், ஒரு மலாய்க்காரரின் சாப்பாட்டுக் கடை, படகு இழுத்துப் போடுகிற மேடு. அவ்வளவுதான் ஊர். சனி ஞாயிறுகளில் சிங்கப்பூர்க் கார்கள் வரும். வந்தவர்கள் அங்கம்மாவின் கடலையை வாங்காமல் போகமாட்டார்கள்.

கடலை வறுப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் வறுத்துப் பார்த்ததில்லை. வெள்ளை மணல் சீக்கிரம் சுட்டு, சீக்கிரம் ஆறிவிடும். கடலை ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பச்சையாக இருக்கும். அங்கம்மாவின் சட்டியில் இருந்தது கருப்பு மணல். வாசலில் அள்ளி, கழுவி, காயவைத்து, சலித்து எடுத்தது. ஒரு முறை சூடேறினால் மணிக்கணக்கில் இறங்காது. மெல்லக் கிளறிக்கொண்டே இருந்தால், உள்ளே கடலை ஒவ்வொன்றாகப் பட், பட் என்று வெடிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவாள். இருபத்தெட்டு வருஷமாக அதே மணல்தான். குறைந்தால் வாசலில் ஒரு கை அள்ளிச் சேர்த்துக்கொள்வாள்.

அந்த மணல்தான் அமாங். ஈய லம்பத்தில், அதாவது சுரங்கத்தில், மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற கருப்பான, கனமான மண்ணுக்கு மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் சொல்கிற பெயர் அது. அதைக் கடல் கொண்டுவரவில்லை. அவள் புருஷன் ஐயாசாமி கொண்டுவந்தது.

கல்யாணமாகி சாஆ தோட்டத்திலிருந்து அவள் இங்கே வந்த இரண்டாம் வருஷம், டிசம்பர் மழையில் கடல் வாசலைத் தின்றது. மண் கொட்டினார்கள், கல் போட்டார்கள். எல்லாவற்றையும் அலை வழித்துக்கொண்டு போனது. அப்போது ஐயாசாமி ஜெமாலுவாங்குக்கு உள்ளே ஒரு சீனருடைய அமாங் கொட்டகையில் லோரிக்கு ஆளாக இருந்தார். ஒரு நாள் லோரி நிறையக் கருப்பு மண்ணோடு வந்து வாசலில் கவிழ்த்தார். அடுத்த நாளும் கவிழ்த்தார். பதினோரு லோரி. அலை வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்த மேட்டின் மேல்தான் இப்போதைய வீடு, அடுப்படி, சின்னதாக ஒரு முனீஸ்வரர் மேடை, எல்லாம்.

ஐயாசாமி அதைப் பற்றிச் சொல்லாத தீபாவளி கிடையாது. இரண்டு கிளாஸ் பீர் போனதும் ஆரம்பித்துவிடுவார்.

“எங்க மொதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, யாருன்னு நெனச்சே? வேலை முடிஞ்சு போறவனெல்லாம் பூட்ஸக் கழட்டித் தட்டிட்டுத்தான் போவணும். நகத்துல கருப்பு இருந்தா, உக்காந்து பிரஷ்ஷால தேய்ப்பான். தேய்ச்ச தண்ணியையும் டிரம்முல ஊத்துவான். அதுல ஒரு துளி ஈயம் இருக்குமாம்! அப்படிப்பட்டவன், எனக்கு, இந்த ஐயாசாமிக்கு, பதினோரு லோரி சும்மாக் குடுத்தான். எதுக்கு? உழைப்புக்கு. வேற எவனுக்குக் குடுத்தான்? கேட்டுப் பாரு!”

குணாளனுக்கு அது மனப்பாடம். ‘எதுக்கு?’ என்று அவர் நிறுத்துகிற இடத்தில் ‘உழைப்புக்கு!’ என்று அவனே எடுத்துக் கொடுப்பான்.

மணல் ஆய்வு என்று ஆட்கள் வந்தது போன செப்டம்பரில். தலைமை, விஜயேந்திரன் என்கிற இளைஞன். ஜொகூர்பாருவில் வளர்ந்த சிலோன்காரப் பிள்ளை, தாத்தா காலத்தில் ரயில்வே குடும்பம். கையால் திருகித் துளைபோடத் தெம்புள்ள ஆள் வேண்டும் என்று கேட்டபோது, அறுபத்தொரு வயதில் ஐயாசாமிதான் முதலில் கையைத் தூக்கினார்.

கடலுக்குக் குறுக்கே கயிறு பிடித்துக் கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கோடு இருநூறு அடி. ஒவ்வொரு கோட்டிலும் ஐந்து துளை. ஓகர் என்கிற திருகுக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து, செக்கு சுற்றுவதுபோல உடம்பைச் சுற்றி இறக்க வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு பை மண். தண்ணீர் மட்டம் வந்ததும் துளை சரியும். சரிவதற்குள் குழாயை உருவ வேண்டும். முதல் வாரம் ஐயாசாமி சோற்றைப் பிசையக்கூட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார்.

“என்ன தம்பி அப்படித் தேடுறீங்க, தங்கமா?” என்று அங்கம்மா அப்போதே கேட்டாள்.

“இல்ல ஆன்ட்டி. இல்மனைட். கருப்பா இருக்கும். அதுலேருந்து டைட்டானியம் எடுப்பாங்க. பெயிண்டுக்குப் போடுற வெள்ளைப் பவுடர் இருக்கே, அது அதுதான்.”

“கருப்பு மண்ணுலேருந்து வெள்ளைப் பவுடரா? அப்ப எனக்கு ஒரு டப்பா எடுத்து வைங்க. பூசிப் பாக்குறேன்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நல்ல பையன். காலையில் அவள் கொடுக்கிற அவித்த மரவள்ளியையும் நெத்திலிச் சம்பாலையும் தட்டை வழித்துச் சாப்பிடுவான். பிறகு மண் கழுவுகிற தட்டை எடுத்து, அலைநீரில் ஒரு பிடி மணலைச் சுழற்றுவான். வெள்ளை மண் வழிந்து போகப் போக, தட்டின் ஓரத்தில் புருவம் மாதிரி ஒரு கருப்புக் கீற்று நிற்கும். அந்தக் கீற்றைத்தான் அவன் தேடி வந்தது. எட்டுக் கோட்டிலும் கீற்று மெல்லியதாகவே இருந்தது.

ஒன்பதாவது கோடு, வரைபடத்தில் போட்டபடி, இவர்கள் வாசலுக்கு நடுவே வந்தது.

அன்றைக்கு விஜயேந்திரன் மெர்சிங் போயிருந்தான். ஐயாசாமியே தன் வாசலைத் துளைத்தார். பையில் போட்டார், கட்டினார், ‘லைன் 9’ என்று எழுதி அடுக்கினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பரில், முதல் மழை இறங்குகிற நேரம், போன் வந்தது. அவர் கரையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தென்னைகள் வளைந்து தலைமயிரை உதறுவதுபோல உதறிக்கொண்டிருந்தன.

“அங்கிள், லைன் நைன் மண்ண இப்பத்தான் கழுவிப் பாத்தேன். தட்டுல பாதிக்குப் பாதி கருப்பு! கடல் ஒதுக்குன மணல்தானே அது?”

“அமாங்.”

“சரி அங்கிள். தேங்க்ஸ்!”

அவ்வளவுதான். போன் அணைந்துவிட்டது.

இதெல்லாம் அங்கம்மாவுக்குத் தெரிந்தது நேற்றுச் சாயங்காலம். கோட்டை மறுபடி அளந்து சிவப்புக் கம்பு நட வேண்டும், கூட நிற்க முடியுமா என்று விஜயேந்திரன் போன் செய்தான். ஐயாசாமி கையில் மண்ணெண்ணெய் இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீடு போகிறதே தம்பி என்று கேட்டே விட்டாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஒன்பதாவது கோடு இல்லாட்டி இங்க ஒண்ணுமே இல்ல. நான் கன்ஃபர்ம் பண்ணிட்டுத்தான் எழுதினேன். அங்கிள்கிட்டயே கேட்டேன், கடல் மணல்தானேன்னு. ஆமாங்கன்னாரு.”

அப்போது தொடங்கிய சண்டைதான் காலையிலும் அணையாமல் இருந்தது.

“நான் தோட்டத்து லைன் வீட்ல பொறந்தவ,” என்றாள் அங்கம்மா, நூலைப் பல்லால் கடித்து அறுத்து. “லைன் வேணாம்னுதானே இங்க வந்தோம். இப்ப லைன் நம்மள தேடிக்கிட்டு வந்து வீட்டத் தூக்குது. அதுவும் நீங்க இழுத்த லைனு.”

“சரி, விடு.”

“எப்படி விடுறது? சரி, காத்துல கேக்கல. அந்தத் தம்பி தப்பா எடுத்துக்கிச்சு. நீங்க திருப்பிக் கூப்புட்டு, ‘இல்ல சார், நான் சொன்னது இந்த அமாங்’னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? போன்ல காசு இல்லியா?”

“மறந்துட்டேன்.”

“கடுதாசி வந்தப்பகூடவா?”

ஐயாசாமி கொல்லைப் பக்கம் போய்க் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். வெட்ட வேண்டியது என்று ஒன்றும் இருக்கவில்லை.

“கொட்டுன மண்ணுன்னு சொல்றதுல என்னங்க வெக்கம்? திருடியா கொண்டாந்தீங்க? தீபாவளிக்குத் தீபாவளி ஊரக் கூட்டிவச்சுச் சொல்றதுதானே? அந்தத் தம்பிகிட்ட மட்டும் ஏன் வாய் வரல?”

கத்தி உரசுகிற சத்தம் மட்டும் வந்தது.

“எம்பொண்ணு வர்றா. ஒன்பது நாளுதான் இருக்கு. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்.”

“நீ இதுல தலையிடாத, அங்கம்மா.”

“என் அடுப்படிங்க அது.”

விஜயேந்திரன் பத்து மணிக்கு வந்தான். வண்டியின் பின்னால் சிவப்புச் சாயம் அடித்த கம்புகள். மழைக்காலம் முடிந்த புது வெயில். கடல் கழுவி வைத்ததுபோல் இருந்தது. இறங்கியதுமே, “ஆன்ட்டி, என் மேல கோவமா?” என்றான்.

“கோவப்பட்டா சோறு போடாம இருக்கணும். எனக்கு அது வராது. உக்காருங்க.”

கெம்போங் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பால் விடாத தே-ஓ ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் ஒரு காரியம் செய்தாள். அவனுடைய மண் கழுவுகிற தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அலை ஓரத்தில் ஒரு பிடி மண் அள்ளிக் கழுவி, மிஞ்சிய கருப்பை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வாசலில் ஒரு பிடி அள்ளிக் கழுவி, அதை வலது உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு கையையும் அவன் முன்னால் நீட்டினாள்.

“தடவிப் பாருங்க தம்பி.”

அவன் விரலால் தொட்டான்.

“நல்லா நிமிண்டிப் பாருங்க. இது கடலு. கேழ்வரகு மாதிரி உருண்டையா ஓடுது. இது முள்ளு. விரல்ல குத்துது பாருங்க. இருபத்தெட்டு வருசம் சட்டில கிண்டியிருக்கேன், இன்னும் மழுங்கல. இது கடல் ஒதுக்குன மண்ணு இல்ல. லம்பத்து மண்ணு. ஜெமாலுவாங்லேருந்து இவரு லோரில கொண்டாந்து கொட்டுனது. பதினோரு லோரி.”

விஜயேந்திரன் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வலது கையின் மேல் குனிந்தான். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தான்.

“அங்கிள், ஆமாங்கன்னு சொன்னீங்களே?”

ஐயாசாமி கம்புகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் இறக்கினார்.

“அவரு சொன்னது அமாங், தம்பி,” என்றாள் அங்கம்மா. “ஆமாங்க இல்ல. அமாங்.”

அவன் முகம் முதலில் விளங்காமல் நின்றது. பிறகு நெற்றியில் அறைந்துகொண்டு சிரித்துவிட்டான்.

“ஐயோ! அமாங்! எங்க வீட்ல யாருமே ஆமாங்கன்னு சொல்லமாட்டாங்க ஆன்ட்டி. ஓம்னுதான் சொல்லுவாங்க. ஆமாங்கிறத நான் சைட்ல அங்கிள்கிட்டதான் கேட்டுப் பழகினேன். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவாரு. ஓகர் புடிங்க அங்கிள், ஆமாங்க. சாப்டாச்சா அங்கிள், ஆமாங்க. அதே மாதிரி ஆமாங்கன்னுதான் காதுல விழுந்துச்சு!”

அங்கம்மாவும் சிரித்தாள். கடிதம் வந்து நான்கு நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. “அப்ப கோடு?”

“ஒன்பத அடிச்சுடுவேன். இது இயற்கை மணல் இல்லன்னு ரிப்போர்ட்ட திருத்தி எழுதணும். என்னைத் திட்டுவாங்க, பரவால்ல. மத்த எட்டுக் கோட்டுல இருக்கிறத நம்பி எந்தக் கம்பெனியும் வராது.”

“வீடு?”

“வீடு அவங்களுக்கு வேணாமே.”

அவள் கையிலிருந்த இரண்டு மண்ணையும் தட்டிவிட்டு, முனீஸ்வரர் மேடைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். “கேட்டீங்களா?” என்றாள் புருஷனிடம். “ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

ஐயாசாமி இன்னொரு கம்பை இறக்கினார். விஜயேந்திரன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். வாசலை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். வீட்டை, மேடையை, அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய இரும்புச் சட்டியை.

“லம்பத்து மண்ணுன்னா… ஒண்ணு பாத்துடறேன் ஆன்ட்டி. சும்மா.”

வண்டியிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் பெட்டியைக் கொண்டுவந்தான். முதலில் அலை ஓரத்துக்குப் போய் வெள்ளை மணலில் வைத்தான். டிக். கொஞ்சம் கழித்து, டிக். பிறகு வாசலுக்கு வந்து, தூளி ஸ்பிரிங்குக்கு நேர் வெளியே, கருப்பு மண்ணின் மேல் வைத்தான்.

“என்ன தம்பி இது,” என்றாள் அங்கம்மா. “கடலை வெடிக்கிற மாதிரி இருக்கு.”

அவன் பெட்டியை எடுத்து, இன்னும் இரண்டு இடத்தில் வைத்தான். அடுப்படியில், சட்டிக்குப் பக்கத்தில், சலித்த மணல் இருந்த டின்னின் மேல் வைத்தான். பட் பட் பட் என்று பதம் மீறின சத்தம்.

“அப்பல்லாம் இந்தப் பொட்டி பெருசா இருக்கும் சார்,” என்றார் ஐயாசாமி. காலையிலிருந்து அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. “ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தாங்க. ஊசி ஆடும்.”

விஜயேந்திரன் நிமிர்ந்து பார்த்தான். “எங்க அங்கிள்?”

“கொட்டகைக்கு. அதிகாரிங்க வந்து வச்சுப் பாத்தாங்க. அப்புறந்தான் கொட்டகைய மூடுனாங்க.”

சொல்லி முடித்த பிறகே தான் சொன்னது அவருக்குக் கேட்டதுபோல் இருந்தது. மீதிக் கம்புகளை எடுக்கத் திரும்பினார். வண்டியில் கம்பு இல்லை.

“என்னது தம்பி?” என்றாள் அங்கம்மா. “என்ன சொல்லுது பொட்டி?”

“ஆன்ட்டி, பயப்படாதீங்க. அமாங்குல சில நேரம் மோனசைட்னு ஒரு மண்ணு கலந்திருக்கும். அதுலேருந்து ஒரு கதிர் வரும். கண்ணுக்குத் தெரியாது, இந்தப் பொட்டிதான் சொல்லும். கொஞ்சமா இருந்தா ஒண்ணும் இல்ல.”

“இது கொஞ்சமா?”

“அத நான் சொல்லக்கூடாது. அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. நான் எழுதிக் குடுக்கிறேன், வந்து அளந்து பாத்துச் சொல்லுவாங்க. ஒண்ணும் இல்லன்னும் சொல்லலாம். அது வரைக்கும்… இந்த மணல்ல கடலை வறுக்காதீங்க. தூசி பறக்கக் கூட்டாதீங்க.”

“எம்பொண்ணு வர்றா தம்பி. ஏழு மாசம்.”

அவன் பெட்டியை அணைத்தான். வாசலில் அலைச் சத்தம் திரும்பி வந்தது.

“வேணாம்ங்கறீங்களா? கூட்டிக்கிட்டு வர வேணாமா?”

“ஓம்,” என்றான். அவன் வீட்டுச் சொல். அவளுக்கு அது தெளிவாகவே கேட்டது.

சாப்பிட்டுப் போங்க என்று அவள் சொன்னாள். அவனும் மறுக்கத் தெரியாமல் உட்கார்ந்து, நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனான். கம்புகளை ஐயாசாமியே மறுபடி வண்டியில் ஏற்றினார். “அங்கிள், கால் பண்றேன்,” என்றான் அவன். “ஆமாங்க,” என்றார் ஐயாசாமி.

வண்டி செம்மண் பாதையில் மறைந்ததும் குணாளன் வேலி ஓரம் வந்தான். “என்னக்கா, வீடு தப்பிச்சுதா?”

“தப்பிச்சுது குணா.”

“அப்ப வளைகாப்புக்கு மீன் நான் கொண்டாரேன். பிள்ளை பொறந்தா புட்டுக்குச் சுறாவும் நாந்தான். பிரேமலாகிட்ட சொல்லிட்டேன்.”

“சொல்றேன் குணா. போயி சாப்புடு.”

அவன் போன பிறகு அவள் லோஷினிக்குப் போன் செய்தாள். வளைகாப்பைக் கூலாய்லயே வச்சுக்கலாம், ஹால் பாருங்க, இங்க வீட்டுக் கூரை ஒழுகுது, ரிப்பேர் செய்யணும், அம்மா அங்க வந்து இருக்கேன் என்றாள். மகள் ஏதோ கேட்டாள். “இல்லம்மா, அப்பா நல்லாத்தான் இருக்காரு,” என்றாள். மகள் மறுபடி ஏதோ கேட்டாள். “ஒண்ணும் இல்ல. சின்னப் புள்ளையில இந்த வாசல்லயே கெடப்பியே, அத நெனச்சேன். மண்ண வாயில போட்டுப்ப. அடிப்பேன். வச்சிரவா?”

போனை வைத்துவிட்டு வந்து ஒத்தடப் பையை எடுத்தாள். முக்கால்வாசி தைத்திருந்தது. ஊசி முனையால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே காலையில் நிரப்பியிருந்த மணல் முறத்தில் கொட்டியது. கழுவி, காயவைத்து, மூன்று தடவை சலித்த மணல். பிள்ளைக்காரி உடம்புக்கு என்று பொடி மணலாகப் பார்த்து எடுத்தது. கைகளை எங்கே துடைப்பது என்று தெரியாமல் விரித்தபடி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐயாசாமி படியில், அவளுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஓகர் பிடித்த காய்ப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“கொட்டகைய மூடுனப்பகூட அதிகாரிங்க ஒண்ணும் பெருசா சொல்லல, அங்கம்மா,” என்றார். “அலையில நிக்கிற மண்ணு வேற கெடைக்கல. நீ தெனைக்கும் அழுதுகிட்டு இருந்தே. கனமான மண்ணு. நின்னுச்சு. இத்தன வருசமா நின்னுச்சுல்ல?”

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“உனக்குன்னுதான் கொண்டாந்தேன்.”

“சோறு போட்டு வச்சிருக்கேன்,” என்றாள். “குழம்பு ஆறிடும்.”

அவர் எழுந்திருக்கவில்லை. கடல் நல்ல பிள்ளையாக வந்து, கருப்பு மேட்டைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேங்க,” என்றாள் அங்கம்மா. சண்டைக் குரல் இல்லை. கறி வாங்கி வரச்சொல்லும்போது பேசுகிற குரல். “நகக்கண்ணுல இருக்கிறதக்கூடத் தேய்ச்சு எடுத்துக்கிட்டு அனுப்புன தவுக்கே, பதினோரு லோரிய எதுக்குங்க சும்மாக் குடுத்தான்?”